சாயங்காலம் பிறக்கும் நாளும் உள்ளே ஒளிந்த நகலும்

நிவேதா கேட்டதால் எழுதுகிறேன். இல்லையென்றால் இந்நேரம் கூடையை எடுத்துக்கொண்டு கரைக்குப் போயிருப்பேன். மடவை மீன் நன்றாக வருகிற மாதம் இது.

நிவேதா என் பழைய அலுவலகத்தில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண். போன வாரம் போன் செய்தாள். "மேடம், ரூலைத் தளர்த்திட்டாங்க. இனிமே ஒரு புரோகிராம் தனக்கு வேண்டிய லைப்ரரியை உள்ளேயே கட்டி எடுத்துட்டு வரலாம். என்னென்ன எடுத்துட்டு வந்திருக்குன்னு சொல்லிட்டாப் போதும். நீங்க இருந்திருந்தா கட்டடமே அதிர்ந்திருக்கும்னு எல்லாரும் சிரிச்சோம்" என்றாள்.

"அப்பாடா" என்றேன் நான்.

அவளுக்கு ஏமாற்றம். நான் கொதித்து எழுவேன் என்று ஆசையாக எதிர்பார்த்திருக்கிறாள். உண்மையைச் சொன்னால், எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அந்த ரூலைக் கட்டிக்கொண்டு எத்தனை பேரோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன்! இனி அந்தத் தலைவலி வேறு தலைகளுக்கு. ஆனால் புதிதாக வந்த பிள்ளைகள், "அந்தக் காலத்தில் ஏன் இதற்கு இவ்வளவு மாரடித்தார்கள்?" என்று கேட்கிறார்களாம். அதை மட்டும் எழுதிக் கொடுங்கள் என்றாள். சரி என்றேன்.

என் வேலை என்னவென்று பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் கோட்டைக்குப்பத்தில் யாருக்கும் தெரியாது. நைனா கடைசிவரை ஊரில், "பொண்ணு மெட்ராஸ்ல கம்ப்யூட்டருக்கு மூட்டை கட்டுது" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு மேல் சரியாக நானே சொன்னதில்லை. உலகத்தின் எந்தெந்த மூலையிலோ இருக்கிறவர்கள் புரோகிராம் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று திறந்து வைக்கிறார்கள். அப்படி ஆயிரக்கணக்கில் கிடப்பதைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்த்து, ஒரே தொகுப்பாக்கிக் கொடுப்பதற்கு டிஸ்ட்ரோ என்று பெயர். எங்களுடையது சென்னையில் ஒரு சின்ன டிஸ்ட்ரோ. பள்ளிக்கூடங்களும் சங்கங்களும் சிறு அலுவலகங்களும் அதைப் போட்டுக்கொண்டன. ஒவ்வொரு புரோகிராமையும் பேக்கேஜாகக் கட்டுவது என் வேலை. பொன்னேரியில் படித்தேன், மெட்ராஸில் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டேன். பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இந்த லைப்ரரி விவகாரத்தைப் புரியவைக்க எனக்கு ஒரே உதாரணம்தான் உண்டு. மழை முடிந்ததும் கொசு ஒழிக்கிற பெண்கள் வீடுவீடாக வருவார்களே, அவர்கள் தெருத் தொட்டியை ஒரு நிமிஷத்தில் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அதில் மருந்து போட்டால் தெருவுக்கே போட்டதாகிவிடும். அவர்களை அலைக்கழிப்பது கட்டிலுக்கு அடியில் மூடி வைத்த குடமும், மாடியில் மறந்துபோன டப்பாவும்தான். லைப்ரரி என்பது பல புரோகிராம்களும் பொதுவாகப் பயன்படுத்தும் துண்டு. தேதி கணக்கிட ஒன்று, படம் திறக்க ஒன்று என்று இருக்கும். அது பொது இடத்தில் ஒன்றாக இருந்தால், ஓட்டை கண்டுபிடிக்கும்போது ஒரு தடவை அடைத்தால் போதும். ஒவ்வொரு புரோகிராமும் தனக்கென்று ஒரு நகலை உள்ளே ஒளித்து வைத்திருந்தால், ஒவ்வொரு கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்க்க வேண்டும். என் முதுகு அப்படிக் குனிந்தே போனது.

எனக்கு மேலே இருந்தவர் ஹெலன் மேடம். பெரம்பூர்க்காரர். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டி மார்பில் தொங்கவிட்டிருப்பார். மேசையில் எப்போதும் ஒரு டப்பாவில் அவித்த வேர்க்கடலை இருக்கும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அவர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடக்கும். "இந்தப் புரோகிராமுக்கு மட்டும் விலக்கு கொடுங்க மேடம், நகல் உள்ளேயே இருக்கட்டும்" என்று யார் போனாலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஸ்டூலைக் காட்டுவார். "உக்காருங்க. படிங்க" என்பார்.

படிக்க வேண்டியது டிஃப். மூல லைப்ரரிக்கும் உள்ளே இருக்கும் நகலுக்கும் என்ன வித்தியாசம் என்று வரிவரியாகக் காட்டுவது அது. எடுத்துவிட்ட வரிக்கு முன்னால் மைனஸ், சேர்த்த வரிக்கு முன்னால் ப்ளஸ். அதற்கு முன் அந்த நகல் எந்தப் பதிப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்று கண்டுபிடித்தாக வேண்டும். தப்பான பதிப்போடு ஒப்பிட்டால் வித்தியாசம் வண்டி வண்டியாக வரும், உண்மையான வித்தியாசம் அதற்குள் தொலைந்துவிடும். கண்டுபிடித்துக்கொண்டு வந்து, சத்தம் போட்டுப் படிக்க வேண்டும். "மைனஸ், இஃப்... ப்ளஸ், இஃப்..." என்று முழுசாக. மேடம் கடலையை உரித்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். நாங்கள் இதற்கு ஜெபக்கூட்டம் என்று பெயர் வைத்திருந்தோம். அது அவருக்கும் தெரியும். "ஜெபம் முடிஞ்சா ஆமென் சொல்லிட்டு எழுந்திருங்க" என்பார்.

ஒருமுறை எங்கள் குழுவில் ஒருவர், "எழுதினவர் ரொம்ப நல்லவர் மேடம், ஓட்டை வந்தா உடனே அடைச்சுடுவார்" என்று வாதாடினார்.

"நல்லவர்தான். லீவ்ல போவாரா?" என்று கேட்டார் மேடம்.

"போவார் மேடம்."

"அப்ப விலக்கு இல்லை."

இன்னொரு முறை, படம் வரைகிற புரோகிராம் ஒன்றுக்குள் படம் திறக்கும் லைப்ரரி மூன்று இருந்தது. மூன்றும் வேறு வேறு வயது. மூன்றையும் நான் கொண்டுபோய் வைத்தபோது, "பாட்டன், அப்பன், பேரன் மூணு பேரும் ஒரே வீட்ல கீறாங்களா?" என்று மேடம் என் பேச்சிலேயே கேட்டார். அன்றைக்குத்தான் அவருக்குக் கிண்டல் வரும் என்று தெரிந்துகொண்டேன்.

இனி சொல்லப்போவது ஒரே ஒரு பேக்கேஜின் கதை. நான் வேலையை விடலாமா என்று யோசித்தது அப்போது ஒரு தடவைதான்.

தேதி கணக்கிடும் லைப்ரரி ஒன்றில் பெரிய ஓட்டை இருப்பதாகச் செய்தி வந்தது. யாராவது விஷமமாக ஒரு கோப்பை அனுப்பி, அதை அந்த லைப்ரரி படித்தால், கம்ப்யூட்டரே அவர்கள் கைக்குப் போய்விடும். பொது இடத்தில் இருந்ததைத் திருத்த அரை நாள்கூட ஆகவில்லை. பிறகு நகல் வேட்டை. பெயரை வைத்துத் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் நகல் எடுப்பவர்கள் பெயரை மாற்றிவிடுவார்கள். அந்த லைப்ரரி தவறான தேதியைப் பார்த்தால் கொடுக்கும் எச்சரிக்கை வாக்கியம் ஒன்று உண்டு. கட்டி முடித்த பேக்கேஜ்கள் எல்லாவற்றிலும் அந்த வாக்கியத்தைத் தேடினேன். சில இடங்களில் சிக்கியது. அதில் ஒன்றைப் பார்த்ததும் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தேன். அது ‘சுற்று’.

‘சுற்று’ என்பது முறை வைக்கும் புரோகிராம். யார் யாருக்கு எந்த நாள் என்று வரிசை போட்டு, அன்றன்றைக்கு உரியவருக்கு போனில் செய்தி அனுப்பும். எழுதியவர் நாகரத்தினம் டீச்சர். ஏரிக்கு மேற்கே நெல் விளைகிற ஊர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். வாய்க்கால் தண்ணீர் முறைக்காக அதை எழுதினார். பிறகு அது எங்கள் ஊருக்கும் வந்தது. கொண்டுவந்தவர் என் அண்ணன் கஜேந்திரன்.

எங்கள் ஏரியில் கழி ஊன்றி வலை கட்ட நல்ல இடங்கள் கொஞ்சம்தான். முகத்துவாரத்துக்குப் பக்கம் இறால் ஏறுகிற இடத்தில் எல்லோரும் ஒரே நாளில் கட்ட முடியாது. அதனால் வீட்டுக்கு வீடு முறை. அதற்குப் பாடு என்று பெயர். சீட்டுப் போட்டு வரிசை எடுப்போம். உன் நாள் வந்தால் அந்த இடம் உன்னுடையது, மறுநாள் அடுத்த வீட்டுடையது. மழையாலும் காற்றாலும் நடுவில் நாள் தவறினால் யாருடைய நாள் என்று தகராறு வரும். ஒரு வருஷம் அப்படித்தான் கழிகளைப் பிடுங்கிப் போட்டு, இரண்டு வீட்டுக்கு நடுவே பேசி வைத்திருந்த கல்யாணமே நின்றுபோனது. அதில் ஒரு வீடு ஏகாம்பரம் மாமாவுடையது. அதற்குப் பிறகு பாடு வரிசையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஊர் அண்ணனிடம் கொடுத்தது. அண்ணன் சங்கக் கட்டடத்தில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, என்னிடம் எங்கள் டிஸ்ட்ரோவைப் போடச் சொல்லி, ‘சுற்று’ ஓட்டினார்.

ஊர்க் கூட்டத்தில் அண்ணன், "மனுசன் சொன்னா சொந்தக்காரனுக்குச் சாதகமாச் சொல்றான்பாங்க. பொட்டிக்கு ஏது சொந்தக்காரன்?" என்றார்.

ஏகாம்பரம் மாமா விடவில்லை. "பொட்டிக்குத் தங்கச்சி கீதே!" என்றார். அந்தத் தங்கச்சி நான்தான். ஊரே சிரித்தது. நான் அங்கே இல்லை. இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

அந்தச் ‘சுற்று’வுக்குள்தான் தேதி லைப்ரரியின் நகல் இருந்தது. எங்கள் முறைப்படி, கட்டுவதற்கு முன்பே நகல் இருக்கும் ஃபோல்டரை அழித்துவிட வேண்டும். அழித்த பிறகும் புரோகிராம் கட்ட முடிந்தால், அது பொது லைப்ரரியை எடுத்துக்கொண்டது என்று அர்த்தம். அழித்தேன், கட்டிப் பார்த்தேன், கட்ட முடிந்தது. சோதனைகளை ஓட்டினேன், எல்லாம் பச்சை. அந்த வெள்ளிக்கிழமை காலையில் ஓட்டை அடைத்த பதிப்பு எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் தானாகப் போக வேண்டும். இது இவ்வளவு லேசாக முடிந்ததே என்று நானே எனக்கு ஒரு சமோசா வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

முறைப்படி மேடத்திடம் சொன்னேன். கண்ணாடியை மாட்டினார். "உக்காருங்க. படிங்க."

"மேடம், நான் விலக்கு கேக்கலை. எடுத்தாச்சு. சோதனை எல்லாம் பாஸ்."

"எடுத்ததுல என்ன இருந்ததுன்னு தெரியணும் இல்ல? படிங்க."

எனக்கு எரிச்சல். சமோசா ஆறிக்கொண்டிருந்தது. உட்கார்ந்து படித்தேன். பாதிக்கு மேல் இடைவெளி மாற்றங்கள்தான், ஒன்றுமில்லாதவை. மடமடவென்று படித்துக்கொண்டே போனேன். "ப்ளஸ், இடம் ஏரி என்றால்... ப்ளஸ், மணி பதினெட்டு அல்லது அதற்கு மேல் என்றால்... ப்ளஸ், நாளில் ஒன்றைக் கூட்டு..."

"நிறுத்துங்க. அது என்ன பதினெட்டு?" என்றார் மேடம்.

அந்த வரியைத் திரும்பப் படித்தேன். பதினெட்டு என்பது சாயங்காலம் ஆறு மணி. எங்கள் பாடு முறைக்கு நாள் பிறப்பது நள்ளிரவில் இல்லை, சாயங்காலத்தில். வெள்ளிக்கிழமைப் பாடு என்றால் வியாழக்கிழமை சாயங்காலம் கழி ஊன்றி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வலையைப் பிரித்துக்கொண்டு இடத்தை விட்டுவிட வேண்டும். இது எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். தெரிந்ததாலேயே நான் அதை யோசிக்கவில்லை. டீச்சர் அதைப் புரோகிராமில் எழுதாமல், கையிலிருந்த நகலுக்குள் எழுதியிருக்கிறார். அந்த நகலை நான் அழித்துவிட்டேன். சோதனைகள் பாஸ் ஆனதற்குக் காரணமும் புரிந்தது. எல்லாச் சோதனையிலும் நேரம் பகல் பன்னிரண்டு மணி.

பொது லைப்ரரிக்கு நாள் நள்ளிரவில்தான் மாறும். அதாவது புதுப் பதிப்பு போன பிறகு, சாயங்காலம் ஆறு மணிக்கு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டிய செய்தி, அப்போதுதான் வலையைப் பிரித்த வீட்டுக்கே திரும்பப் போகும். ‘இன்று பாடு உங்களுடையது’ என்று.

வெளியே வந்து அண்ணனுக்கு போன் செய்தேன். என்ன விஷயம் என்று சொல்லாமல், இந்த வாரம் யார் யார் பாடு என்று மட்டும் சும்மா விசாரிப்பதுபோல் கேட்டேன்.

"வெள்ளிக்கிழம நம்மளுது. சாயங்காலம் நாம பிரிச்சதும் ஏகாம்பரம் மாமாவுக்கு" என்றார் அண்ணன். "இறால் நல்லா ஏறுது, இன்னா விசயம்?"

"ஒண்ணுமில்லண்ணா, சும்மாதான்."

வெள்ளிக்கிழமை காலையில் புதுப் பதிப்பு போகும். அன்றைக்குச் சாயங்காலமே, ஏகாம்பரம் மாமாவுக்குப் போக வேண்டிய செய்தி அண்ணன் போனுக்கு வரும். அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து பெட்டியில் கை வைத்துவிட்டார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? கழி பிடுங்குவதோடு நிற்காது. ஊர் அண்ணனிடம் கொடுத்த பொறுப்பு அவருக்கு உயிர் மாதிரி. அது போய்விட்டால் அவர் கரையில் தலை நிமிர்ந்து நடக்க மாட்டார்.

திரும்பி உள்ளே போனேன். "மேடம், இதுக்கு விலக்கு கொடுங்க. நகல் அப்படியே இருக்கட்டும். அதுல இருக்கிற ஓட்டையை நான் அடைச்சுடறேன்."

மேடம் கடலை டப்பாவை மூடினார். "இந்த ஓட்டையை நீங்க அடைப்பீங்க. அடுத்த ஓட்டைக்கு?"

"நான்தான் மேடம். நான் எங்க போகப்போறேன்?"

"நீங்க ரிடயர் ஆன பிறகு?"

அடுத்த கேள்விதான் சுட்டது. "பூங்காவனம், நீங்க இதைப் பேக்கேஜுக்காகக் கேக்கறீங்களா, உங்க அண்ணனுக்காகவா?"

எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. இத்தனை வருஷம் முதுகு ஒடிய நகல் தேடியவளைப் பார்த்து இந்தக் கேள்வியா? நாற்காலிக்குத் திரும்பி ராஜினாமாவே எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரி எழுதியபோது உறைத்தது: அவர் கேட்டதற்கு உண்மையான பதில் அண்ணனுக்காகத்தான். ஏரியில் இல்லாமல் வேறு எங்கோ ஓடுகிற புரோகிராமாக இருந்திருந்தால் நானே, "அடுத்த ஓட்டைக்கு யார் வருவாங்க?" என்று கேட்டிருப்பேன். எழுதியதை அழித்துவிட்டு நாகரத்தினம் டீச்சருக்கு போன் செய்தேன்.

"ஏம்மா, என் பொருளை வெட்டறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?" என்று ஆரம்பித்தார் டீச்சர். நியாயமான கேள்வி.

"டீச்சர், நாள் மாறுற வேலையை ஏன் லைப்ரரிக்குள்ள வச்சீங்க?"

டீச்சர் சிரித்தார். "அதுதான் கிட்ட இருந்துச்சும்மா. உங்க ஊர்க்காரங்க வந்து எங்களுக்கு சாயங்காலம்தான் நாள் பொறக்குதுன்னாங்க. எங்க வயலுக்கு அந்தத் தொல்லை இல்லை. லைப்ரரி எழுதினவங்களுக்குக் கடிதாசு போட்டேன், நாள் எப்படிச் சாயங்காலம் பொறக்கும்னு அவங்க என்னையே திருப்பிக் கேட்டாங்க. பாடு சீட்டுப் போடற நாள் வந்துடுச்சு. கைக்கு எட்டினதுல தச்சுட்டேன். தப்பா?"

தப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவசரத்தில் எல்லோரும் செய்வதுதான். "டீச்சர், அதை வெளியே எடுத்து உங்க புரோகிராம்லயே வைக்க முடியுமா? வெள்ளிக்கிழமைக்குள்ள?"

"எப்படி வைப்பேன்? நாள் கணக்கு முழுக்க லைப்ரரி கையில இல்ல இருக்கு?"

இருவரும் போனை வைக்காமல் யோசித்தோம். டீச்சர்தான் சொன்னார்: "லைப்ரரியை ஏமாத்திடலாமா? நாம நேரத்தைச் சொல்றப்பவே ஆறு மணி நேரம் கூட்டிச் சொல்லுவோம். சாயங்காலம் ஆறுன்னா அதுகிட்ட நள்ளிரவு பன்னெண்டுன்னு சொல்லுவோம். அது பாட்டுக்கு நாளை மாத்திக் குடுத்துடும்." அவ்வளவுதான். ஏரிக்கு மட்டும் கேட்கும் முன் ஆறு மணி நேரம் கூட்ட வேண்டும். லைப்ரரியை யாரும் தொட வேண்டாம், நகலும் வேண்டாம். நான் அலுவலகம் என்றும் பார்க்காமல் "ஐயோ டீச்சர்!" என்று கத்தினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

டீச்சர் எழுதினார், நான் சோதனைகளை எழுதினேன். பகல் பன்னிரண்டோடு, ஆறு மணிக்கு ஒரு நிமிஷம் முன்னும் பின்னும், மாதக் கடைசிச் சாயங்காலம், வருஷக் கடைசிச் சாயங்காலம் எல்லாவற்றையும் சேர்த்தேன். மேடத்திடம் கொண்டுபோனேன். இந்த முறை நானாகவே ஸ்டூலில் உட்கார்ந்து படித்தேன். மேடம் கேட்டு முடித்துவிட்டு, "ஒப்புதல் நீங்க கொடுக்க வேண்டாம். உங்க அண்ணன் இதுல இருக்கார். என் பெயர்ல போகட்டும்" என்றார். அப்போதும் சுருக்கென்றது. வீட்டுக்குப் போகும் வழியில்தான் புரிந்தது. நாளைக்கு ஊரில் யாராவது கேட்டால், தங்கச்சி கை வைக்கவில்லை என்று அண்ணன் சொல்லிக்கொள்ளலாம்.

"நீங்க ரிடயர் ஆன பிறகு?" என்ற கேள்விக்குப் பதில் போன வாரம்தான் கிடைத்தது. நிவேதா பேச்சுவாக்கில் சொன்னாள், அந்தத் தேதி லைப்ரரியில் சமீபத்தில் இன்னொரு ஓட்டை வந்ததாம், ஒரே இடத்தில் திருத்தினார்களாம், முடிந்ததாம். எனக்குத் தெரியவே தெரியாது. அது நடந்த நாளில் நான் இங்கே நண்டு உடைத்துக்கொண்டிருந்திருப்பேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, கூப்பிட வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. ரூல் தளரட்டும் பிள்ளைகளே, காலம் அப்படி. நகலை உள்ளே விடுங்கள். விடுவதற்கு முன் பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துச் சத்தமாகப் படித்துவிடுங்கள். கண் தாண்டிப் போவதை வாய் தாண்டாது.

அந்த வெள்ளிக்கிழமையைச் சொல்லி முடிக்கிறேன். காலையில் பதிப்பு வெளியே போனது. சோதனை எல்லாம் பச்சைதான், ஆனால் முதல் தடவையும் பச்சையாகத்தானே இருந்தது? எனக்கு நாற்காலி கொள்ளவில்லை. மத்தியானமே லீவு சொல்லிவிட்டுக் கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடித்து, பொன்னேரியில் இறங்கி, பழவேற்காடு பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.

சங்கக் கட்டட வாசலில் ஏகாம்பரம் மாமா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கழிகளைச் சாய்த்து வைத்திருந்தார். அவர் வீட்டு ஆட்கள் படகில் வலையை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் அப்போதுதான் ஏரியிலிருந்து வந்து, கால் சேறு காயாமல் நின்றிருந்தார்.

"இன்னா திடீர்னு வந்து நிக்கிற? ஆபீசு லீவா?" என்றார் அண்ணன்.

"மீன் திங்க வந்தேண்ணா."

"ஏன், மெட்ராஸ்ல மீன் இல்லியா?"

ஏகாம்பரம் மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். "வாம்மா பூங்காவனம். இன்னிக்கி எங்க வூட்டுப் பாடு. அது எனக்குத் தெரியும். இருந்தாலும் உங்கண்ணன் பொட்டி இன்னா சொல்லுதுனு பாத்துட்டு எறங்கலாம்னு குந்திகீறேன்" என்றார். போனைத் தொடைமேல் வைத்திருந்தார்.

அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது. அவர் பாட்டுக்கு இறாலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவர் போன் சட்டைப் பையில் இருந்தது. நான் மாமாவின் தொடையைப் பார்க்கவில்லை. அண்ணனின் சட்டைப் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அடிக்கக் கூடாது. சூரியன் ஏரிக்கு மேலே இறங்கிக்கொண்டிருந்தது. செங்கழுநீர் அம்மனிடம் நான் அதற்கு முன்னும் பின்னும் அப்படி வேண்டிக்கொண்டதில்லை.

மாமா தொடையில் போன் குலுங்கியது. எடுத்து, தூரத்தில் பிடித்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். "இன்று... பாடு... உங்களுடையது. ம். வந்துச்சி." எழுந்து கழியைத் தோளில் போட்டார். "இன்னா கஜேந்திரா, உன் பொட்டி யோக்கியமாத்தான் கீது" என்று சொல்லிவிட்டுப் படகைப் பார்த்து நடந்தார்.

அண்ணன் சிரித்தார். திரும்பி என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"ஏய், இன்னா ஆச்சி? இன்னாத்துக்கு அய்வுற? யாருக்குனா இன்னானா ஆயிடுச்சா? யார்னா எனக்கு போன் பண்ணாங்களா?" என்று பதறிப்போய் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார்.

"இல்லண்ணா" என்றேன். "யாரும் பண்ணல."